சரவிளக்கும் நேரிய விலையும்

கார்த்திகை மீன்கள் வானில் ஒன்றாய்ச் செறிந்து ஒளிர்வதைக் கண்ட அரபியர், அக்கூட்டத்திற்கு 'ஸுரையா' என்று பெயரிட்டனர். நம் வீட்டுப் பெண்மக்களுக்கு நாம் இட்டு அழைக்கும் பெயரும் அதுவே. கிளை கிளையாய்ப் பிரிந்து, பல சுடர்களை ஏந்தி, முகட்டிலிருந்து தொங்கும் விளக்கிற்கும் அரபியர் அந்தப் பெயரையே சூட்டினர். அச்சொல்லின் வேரை நாடிச் சென்றால் 'ஸர்வத்' என்னும் சொல்லை அடைகிறோம். நிறைவு, மிகுதி, செல்வம் என்பன அதன் பொருள்கள். ஆக, விண்மீனின் அழகும் செல்வத்தின் மிகுதியும் அந்த ஒரே பெயரில் அடங்கியிருக்கின்றன. தமிழில் நாம் சரவிளக்கு என்கிறோம். நம் பாட்டனார் காலத்தில் லஸ்தர் விளக்கு என்றும் சொன்னதுண்டு. எந்தப் பெயரால் அழைத்தாலும், அழகுக்காக அதனை விரும்புகிறோமா, செல்வத்தைக் காட்டுவதற்காக விரும்புகிறோமா என்னும் வினா அதனோடு கூடவே தொங்குகிறது.

1960களில் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் எழுந்தபோது, அவற்றைச் சுற்றி எழுந்த குடியிருப்புகள் பெரும்பாலும் சிறு வீடுகளே. இரண்டு அறை, ஒரு திண்ணை, கூடத்தில் ஒரு குழல்விளக்கு. அதுவே நிறைவான வாழ்வு. இன்று அதே தெருக்களிலும், பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையின் இருபுறத்திலும் அடுக்குமாடிகளும் இரட்டைத்தள வீடுகளும் நிற்கின்றன. பிள்ளைகள் படித்தனர்; சிலர் வளைகுடா நாடுகளில் உழைத்தனர்; இறைவன் தந்த வசதி வீட்டில் தெரிகிறது. அத்தகைய வீடு ஒன்றைக் கட்டி முடிக்கும் தறுவாயில் உள்ள ஒரு குடும்பத்தார் அண்மையில் ஒரு கேள்வி கேட்டனர். "கூடத்தில் பழைய காலத்துச் சரவிளக்கு ஒன்றை மாட்ட விரும்புகிறோம். ஊர்ப்பக்கத்தில் ஒரு பழைய வீட்டில் இருக்கிறது. விலையும் மிகக் குறைவாகக் கிடைக்கும் என்கிறார்கள். வாங்கலாமா?"

கேட்டவர்கள் மனத்தில் இருந்த ஐயம், இத்தகைய விளக்கு வீண்விரயத்தில் சேருமா என்பதுதான். ஆயினும், அவர்கள் போகிற போக்கில் சொன்ன 'விலையும் மிகக் குறைவாகக் கிடைக்கும்' என்ற சொற்றொடரே அதனினும் நுண்ணிய அறக்கேள்வி ஒன்றை உள்ளடக்கியது. முதல் ஐயத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிட்டு, இரண்டாவதில் சற்றுத் தங்குவோம்.

அலங்காரமும் விரயமும்

இறைவன் தன் அடியார்களுக்கென வெளிப்படுத்திய அழகை ஹராமாக்கியவர் யார் என்று திருமறையின் ஏழாம் அத்தியாயம் வினவுகிறது. அதற்கு முந்தைய வசனத்திலேயே வரம்பு மீறுவதை அது தடுக்கிறது. அனுமதியும் எல்லையும் அடுத்தடுத்து நிற்கின்றன. நல்ல ஆடையையும் நல்ல காலணியையும் விரும்புவது பெருமையடித்தல் ஆகுமா என்று ஒருவர் கேட்டபோது, அழகை விரும்புவது பெருமையன்று என்றும், உண்மையை மறுப்பதும் மக்களை இழிவாக எண்ணுவதுமே பெருமை என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கியது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. மறுபுறம், அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வீட்டில் தொங்கவிட்டிருந்த ஒரு விரிப்புத் துணியைக் கண்டு, கல்லுக்கும் களிமண்ணுக்கும் ஆடை போர்த்த நாம் பணிக்கப்படவில்லை என்ற கருத்தில் அண்ணலார் அதனை அகற்றியதும் அதே நூலில் உள்ளது.

இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால், விரயத்தின் எல்லை பொருளின் விலையால் மட்டும் அமைவதன்று என்பது புலனாகும். கடன் வாங்கி மாட்டிய சிறு விளக்கும் விரயம் ஆகலாம். ஜகாத்தும் உறவினர் உரிமையும் செலுத்திய பின், வீட்டார் கண்குளிர மாட்டிய பெரிய விளக்கு விரயம் ஆகாமலும் போகலாம். வந்து போவோர் வியக்க வேண்டும் என்ற ஒரே நோக்கம் எங்கே புகுகிறதோ அங்கே சரவிளக்கு தன் பெயரிலுள்ள விண்மீனை இழந்து செல்வத்தை மட்டும் காட்டுகிறது.

இதற்கு வரலாறு பெரிய சான்றுகளைத் தந்துள்ளது. 1856-இல் இஸ்தான்புல் நகரில் சுல்தான் அப்துல் மஜீத் கட்டி முடித்த தோல்மாபாஹ்சே அரண்மனையின் பெருமண்டபத்தில், ஏறத்தாழ நாலரை டன் எடையும் 750 விளக்குகளும் கொண்ட ஒரு பளிங்குச் சரவிளக்கு தொங்குகிறது. அது இங்கிலாந்து அரசி விக்டோரியாவின் அன்பளிப்பு என்று நெடுநாள் நம்பப்பட்டது. பின்னாளில் கிடைத்த பற்றுச்சீட்டு, முழு விலையும் கொடுத்து வாங்கப்பட்டது என்பதைக் காட்டியது. அந்த அரண்மனை எழுந்த ஆண்டுகளிலேதான் உஸ்மானியப் பேரரசு ஐரோப்பியரிடம் கடன் வாங்கத் தொடங்கியது. 1875-இல் அக்கடனைச் செலுத்த இயலாமல் அது கைவிரித்தது.

நம் சென்னையிலும் இத்தகைய பாடம் உண்டு. 1768-இல் சேப்பாக்கம் மாளிகையைக் கட்டிய நவாப் முகம்மது அலி வாலாஜாவின் கடன்கள், 1785-இல் இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் எட்மண்ட் பர்க் நீண்ட உரை நிகழ்த்தும் அளவுக்குப் பெருகியிருந்தன. 1801-இல் ஆட்சி கம்பெனியாரின் கைக்குப் போயிற்று. 1855-இல் நவாபுப் பட்டமும் ஒழிந்தபின், அக்கடன்களுக்காக மாளிகையே ஏலத்திற்கு வந்து அரசாங்கத்தின் உடைமையாயிற்று. இவற்றுக்கெல்லாம் விளக்குகள் காரணம் என்று நான் கூறவில்லை. வருவாய்க்கு மீறிய ஒளி நெடுநாள் எரிவதில்லை என்பதற்கு இவை சான்றுகள்; அவ்வளவே.

விளக்கின் வரலாறு

பழைய சரவிளக்கை விரும்புவோர் அது எங்கிருந்து வந்தது என்பதை அறிந்திருத்தல் நலம். 1674-இல் இலண்டனில் ஜார்ஜ் ரேவன்ஸ்கிராப்ட் என்பார், ஈயம் கலந்த கண்ணாடிக்குக் காப்புரிமை பெற்றார். அக்கண்ணாடி கனமானது, பட்டை தீட்டினால் ஒளியை வானவில்லாய்ப் பிரித்துக் காட்டும். இங்கிலாந்தில் கண்ணாடியின் எடைக்கு விதிக்கப்பட்டிருந்த வரி 1845-இல் நீக்கப்பட்டபின் பெரிய விளக்குகள் மலிந்தன. பர்மிங்காம் நகரத்து ஆஸ்லர் நிறுவனத்தார் கல்கத்தாவில் கடை திறந்து இந்திய அரசர்களுக்கும் செல்வர்களுக்கும் விற்றனர். போஹீமியா, வெனிஸ் நகரத்து முரானோ, பிரான்சின் பக்காரா, பெல்ஜியத்தின் வால் சேன் லாம்பெர் எனப் பல இடங்களிலிருந்தும் விளக்குகள் கப்பலேறி வந்தன. நம் மக்கள் எல்லாவற்றையும் 'பெல்ஜியம் கண்ணாடி' என்ற ஒரே பெயரில் அடக்கிவிட்டனர்.

தமிழ்நாட்டில் இவை மிகுதியாய் வந்து சேர்ந்தது செட்டிநாட்டு வீடுகளுக்கு. பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் வட்டித்தொழிலும் வாணிபமும் செய்து ஈட்டிய பொருள், பர்மாத் தேக்காகவும் இத்தாலியப் பளிங்காகவும் ஐரோப்பிய விளக்குகளாகவும் அந்த வீடுகளை நிறைத்தது. 1930களின் பொருளாதார வீழ்ச்சி, 1942-இல் ஜப்பானியப் படையெடுப்பு, 1962-க்குப் பின் பர்மாவில் நிகழ்ந்த நாட்டுடைமையாக்கம் ஆகியவை அந்தச் செல்வத்தின் வேரை அறுத்தன. இரங்கூனில் கடை வைத்திருந்த நம் தமிழ் முஸ்லிம் வணிகர்களும் அதே சூறாவளியில் அனைத்தையும் இழந்து, காடும் மலையும் கடந்து நடந்தே ஊர் திரும்பியவர்கள்தாம். பின்னர், பராமரிக்க வழியின்றிப் பல வீடுகள் பிரிக்கப்பட்டன. அவற்றின் தூண்களும் கதவுகளும் விளக்குகளும் காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருக் கடைகளில் விலைக்கு வந்தன. சென்னையில் 1900-இல் திறக்கப்பட்டு 1985-இல் தீக்கிரையான மூர் மார்க்கெட்டும் ஒரு காலத்தில் இத்தகைய பழம்பொருள்களுக்குப் பெயர்பெற்ற இடமாக விளங்கியது.

இன்று நம் கூடத்தில் தொங்கப்போகும் பழைய விளக்கு, பெரும்பாலும் ஏதோ ஒரு குடும்பத்தின் இறக்கத்தினால் நம்மை வந்தடைவது. இதை அறிந்து வாங்குபவனின் கை சற்று மென்மையாகவே நீளும், நீள வேண்டும்.

தேர்ந்தெடுக்கும் முறை

வாங்க முடிவு செய்துவிட்டோருக்குச் சில நடைமுறைச் செய்திகள். நம் அடுக்குமாடி வீடுகளின் உயரம் பெரும்பாலும் பத்தடி அளவே. விளக்கின் அடிமுனைக்கும் தரைக்கும் இடையே ஏழடியாவது இருக்க வேண்டுமாயின், விளக்கிற்குக் கிடைப்பது மூன்றடி. செட்டிநாட்டுக் கூடத்திற்கென அமைந்த ஆறடி விளக்கு அங்கே தலையில் இடிக்கும். இரட்டைத்தளக் கூடம் உள்ள வீட்டிற்கே அது பொருந்தும். மேலும், கூடத்தின் நடுவிடம் சென்னை வெயிலில் மின்விசிறிக்கு உரியது. விசிறிக்குப் போட்ட கொக்கியில் இருபது முப்பது கிலோ எடையுள்ள விளக்கைத் தொங்கவிடுவது ஆபத்து. தனிக் கொக்கி அமைத்து, கட்டடப் பொறியாளரிடம் காட்டிய பின்னரே மாட்ட வேண்டும். பழைய விளக்குகளில் துணி சுற்றிய மின்கம்பி இருந்தால் முழுவதையும் உருவி எறிந்துவிட்டுப் புதுக்கம்பி இட்டு, எர்த் இணைப்பும் கொடுக்க வேண்டும். தூங்கும்போது விளக்கை அணைத்துவிடுங்கள், எலி திரியை இழுத்து வீட்டைக் கொளுத்திவிடும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். அன்று எலி இழுத்த திரியின் இடத்தில் இன்று எலி கடித்த கம்பி இருக்கிறது.

பதினாறு கிளைகளில் நாற்பது வாட் பழைய பல்புகள் எரிந்தால் 640 வாட் செலவாகும்; நான்கு வாட் எல்.ஈ.டி. பல்புகள் இட்டால் 64 வாட். பத்தில் ஒரு பங்கு மின்சாரத்தில் அதே கூடம் ஒளிபெறுவதால், இதில் மாற்றிக்கொள்ளத் தயங்குவது பழமை பேணல் ஆகாது. கண்ணாடித் தொங்கல்களை ஒவ்வொன்றாய்க் கழற்றித் துடைக்கும் வேலை யாருடையது என்பதையும் முன்கூட்டியே எண்ணுக. வீட்டு வேலைக்கு வரும் பெண்ணை ஏணியில் ஏற்றி அந்த வேலையை வாங்கிவிட்டு, கூலியில் ஒரு காசும் உயர்த்தாமல் இருப்பது அழகு ஆகாது.

பழைமையை அறியும் வழி யாதெனில், ஈயக் கண்ணாடி கனமாய் இருக்கும். மெல்லச் சுண்டினால் மணியோசை நீண்டு ஒலிக்கும். பட்டை தீட்டிய விளிம்பு கூர்மையாய் இருக்கும். அச்சில் வார்த்ததிலோ ஒட்டுக்கோடு தென்படும். கொளுவிகள் கையால் வளைத்தவையா, அண்மைக் காலத்து இயந்திரக் கம்பியா என்றும் பார்க்கலாம். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருள்களை விற்கும் வணிகர் உரிமம் பெற்றிருக்க வேண்டும் என்பது 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் விதி. ஆகவே, ரசீது கேட்டு வாங்குவது நன்று. உத்தரப்பிரதேசத்து ஃபிரோசாபாத் நகரில் கண்ணாடித் தொழிலாளர் இன்றும் புதிதாய்ச் சரவிளக்குகள் செய்கின்றனர். புதியதைப் புதியதென்றே சொல்லி வாங்கி மாட்டுவது எவ்வகையிலும் இழுக்கன்று. உயிரோடுள்ள ஒரு கைவினைஞனின் அடுப்பு அதனால் எரியும். அதே விளக்கில் புகையும் துருவும் ஏற்றிப் பழையது என்று விற்பதுதான் மோசடி.

அறியாமையின் விலை

இனி அந்த இரண்டாவது கேள்விக்கு வருவோம். ஊர்ப்பக்கத்து வீட்டில் முதிய பெண்மணி ஒருவர் தனித்து வாழ்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாமனார் காலத்து விளக்கு முகட்டில் ஒட்டடை படிந்து தொங்குகிறது. அதன் மதிப்பு அவருக்குத் தெரியாது. நமக்குத் தெரியும். அவர் சொல்லும் விலை, உண்மை மதிப்பில் பத்தில் ஒரு பங்கு. நாம் பொய் சொல்லவில்லை, வற்புறுத்தவில்லை; அவர் கேட்டதைக் கொடுத்து எடுத்து வருகிறோம். இதில் குற்றம் உண்டா?

பழம்பொருள் விரும்பிகள் இதனைக் குற்றமாய் எண்ணுவதில்லை, பெருமையாகவே சொல்லிக்கொள்வர். "அவங்களுக்கு அதோட அருமை தெரியலே" என்பது அவர்கள் தம் விளக்கைக் காட்டும்போது சொல்லும் முதல் வாக்கியம். அவர்கள் பக்கத்திலும் வாதம் உண்டு. அறிவும் ஒரு முதல். பத்தாண்டு அலைந்து கற்ற அறிவுக்குக் கூலி வேண்டாமா? நாம் வாங்காவிட்டால் அது பித்தளைக் கடைக்கு எடைக்குப் போயிருக்கும் அன்றோ? அவரும் மனமொப்பித்தானே விற்றார்?

இது புதிய வழக்கன்று. கி.மு. 44-இல் உரோம அறிஞர் சிசரோ எழுதிய கடமைகள் பற்றிய நூலில் இதன் மறுபக்கத்தை ஆராய்கிறார். பஞ்சத்தில் வாடும் ரோட்ஸ் தீவுக்குத் தானியக் கப்பலோடு முதலில் வந்த வணிகன், பின்னால் வேறு கப்பல்களும் வருகின்றன என்பதைச் சொல்ல வேண்டுமா? பொருளின் குறையைச் சட்டம் கேட்கும் அளவு சொன்னால் போதும் என்றார் ஒரு தத்துவஞானி. தெரிந்த அனைத்தையும் சொல்ல வேண்டும் என்றார் மற்றொருவர். சிசரோ இரண்டாமவர் பக்கமே சாய்ந்தார்.

நம் ஃபிக்ஹு நூல்களைக் கேட்டால், பொய்யும் ஏமாற்றும் கலவாதவிடத்து, விலை குறைந்தது என்பதற்காக மட்டும் வணிகம் பொதுவாக முறிந்துவிடாது என்பர். ஆனால், ஒரு சூழ்நிலையை நாயகம் (ஸல்) அவர்கள் தனியே எடுத்துத் தடுத்துள்ளார்கள். சரக்கோடு வரும் வணிகக்கூட்டத்தை, அது சந்தையை அடைந்து விலைநிலவரம் அறிவதற்கு முன்பே வழியில் எதிர்கொண்டு வாங்குவதே அது. அப்படி வாங்கிவிட்டால், விற்றவன் சந்தைக்கு வந்து விலையை அறிந்தபின் வணிகத்தை முறிக்கும் உரிமை பெறுகிறான். அந்த வழிப்போக்கனும் மனமொப்பித்தான் விற்றான். அவனை எவரும் வற்புறுத்தவில்லை. எனினும், விலையை அறிவதற்கு முன்னே பிறந்த ஒப்புதலை மார்க்கம் முழு ஒப்புதலாய்க் கொள்ளவில்லை. சந்தையே எட்டிப் பார்க்காத சிற்றூர் வீட்டின் வாயிலுக்குச் சென்று, உரியவர் மதிப்பறியுமுன் விளக்கைக் கழற்றி வருவது, வழியில் எதிர்கொண்டு வாங்குவதிலிருந்து எவ்வகையில் வேறுபடும்?

இதற்கு வாழ்ந்து காட்டிய விளக்கமும் நமக்கு உண்டு. ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்களுக்காக அவருடைய பணியாள் ஒரு குதிரையை முந்நூறு திர்ஹத்துக்குப் பேசி முடித்து, பணம் பெற உரியவரையும் அழைத்து வந்தார். குதிரையைப் பார்த்த ஜரீர் (ரலி), "உம் குதிரை இதனினும் மேலானது, நானூறுக்குத் தருகிறீரா?" என்றார். பின்பு ஐந்நூறு என்றார். இவ்வாறு வாங்குபவரே விலையை ஏற்றிக்கொண்டு போய் எண்ணூறு திர்ஹம் கொடுத்தார். காரணம் கேட்டபோது, ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவேன் என்று நாயகத்திடம் (ஸல்) தாம் அளித்த உறுதிமொழியைச் சொன்னார். இதனை இமாம் நவவி (ரஹ்) தம் விரிவுரையில் எடுத்துரைக்கிறார்.

பஸராவில் துணி வணிகராய் இருந்த யூனுஸ் இப்னு உபைத் (ரஹ்) அவர்களின் செய்தியை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் பதிந்துள்ளார். அவர் தொழப் போயிருந்த வேளையில், இருநூறு திர்ஹ ஆடையை அவருடைய சகோதரர் மகன் ஒரு கிராமத்து அரபிக்கு நானூறுக்கு விற்றுவிட்டான். வழியில் அந்த ஆடையை அடையாளம் கண்ட யூனுஸ், அவரை மீண்டும் கடைக்கு அழைத்து வந்து இருநூறைத் திருப்பிக் கொடுத்தார். எங்கள் ஊரில் இது ஐந்நூறு பெறும், எனக்கு மனநிறைவே என்று அந்த அரபி சொன்ன பின்னும் அவர் விடவில்லை. அவர் மனமொப்பித்தான் வாங்கினார் என்று பையன் வாதாடியபோது, உனக்கு விரும்புவதை அவருக்கும் விரும்பியிருக்க வேண்டாமா என்று கண்டித்தார்.

இமாம் கஸ்ஸாலி வணிகத்தில் நீதியையும் இஹ்ஸானையும் வேறுபடுத்துகிறார். நீதி முதலைக் காப்பது போன்றது. இஹ்ஸான் இலாபம் போன்றது. முதலை மட்டும் காத்துக்கொண்டு திரும்பும் வணிகனை எவரும் கெட்டிக்காரன் என்பதில்லை. மறுமை வணிகத்திலும் அப்படியே என்பது அவர் கருத்து.

அப்படியாயின் பழம்பொருள் வணிகமே கூடாதா? கூடும். ஊர் ஊராய் அலைபவனின் உழைப்புக்கும், உடையாமல் கொண்டுவரும் செலவுக்கும், இழந்த தொங்கல்களைத் தேடிப் பூட்டும் திறமைக்கும், விற்காமல் தேங்கினால் ஏற்படும் இழப்புக்கும் இலாபம் உரியது. அவன் அறிவுக்கும் கூலி உண்டு. ஆனால் அறிவின் கூலி என்பது, அறிவைப் பிறர்க்குப் பயன்படச் செய்து பெறுவது. மருத்துவர் நோயை அறிந்து சொல்லிக் கூலி பெறுகிறார். நோயாளி அறியாதிருப்பதைப் பயன்படுத்தி அவர் நிலத்தை எழுதி வாங்கினால் அதற்குப் பெயர் கூலியன்று. ஆகவே, "இது விலையுள்ள பொருள், அம்மா, நகரத்தில் இன்ன அளவுக்குப் போகும், எனக்கு இன்ன செலவும் இன்ன இலாபமும் வேண்டும், மீதி உங்களுடையது" என்று சொல்லி வாங்குபவன் இரு தரப்பிலும் நேர்மையாளன். நாளை அந்தப் பெண்மணி நம் வீட்டிற்கு விருந்தாய் வந்து, அந்த விளக்கை அண்ணாந்து பார்த்து, "எவ்வளவு பெறும்?" என்று கேட்டால், அதற்கு விடை சொல்லத் தயங்க வேண்டிய விலையில் அதனை வாங்காதிருப்பதே வழி.

வாரிசுகளின் பங்கு

இன்னொரு செய்தியும் மறக்கத்தக்கதன்று. பழைய வீட்டில் தொங்கும் விளக்கு, பெரும்பாலும் பங்கிடப்படாத சொத்து. நம் குடும்பங்களில் நிலத்தையும் வீட்டையும் பங்கு வைக்கும்போது சகோதரிகளின் உரிமை ஓரளவேனும் நினைவுக்கு வருகிறது. பாத்திரம், கட்டில், விளக்கு போன்றவற்றை ஊரில் இருக்கும் மூத்த மகனே தன்னுடையவை போல் விற்றுவிடுகிறார். இறந்தவர் விட்டுச்சென்றது சிறிதாயினும் பெரிதாயினும் ஆணுக்கும் பெண்ணுக்கும் அதில் பங்குண்டு என்பது திருமறையின் தெளிவான கட்டளை. சரவிளக்கைக் கிளை கிளையாய்ப் பிரித்தால் அதன் பயனே அழிந்துவிடும். எனவே, ஒருவர் ஏற்று மற்றவர்க்கு விலையில் பங்களிக்க வேண்டும், அல்லது விற்று விலையைப் பகிர வேண்டும். வாங்குபவர் "மற்ற வாரிசுகளுக்குச் சம்மதமா?" என்று ஒரு வார்த்தை கேட்பது, மணமாகிப் போன ஒரு சகோதரியின் பங்கைக் காக்கக்கூடும்.

பள்ளிவாசலும் தர்காவும் புதுப்பிக்கப்படும்போது கழற்றப்படும் விளக்குகள் சிலவேளை பழம்பொருள் கடைகளை அடைகின்றன. அவை ஒருவர் அல்லாஹ்வுக்கென அர்ப்பணித்த வக்ஃபாய் இருக்கலாம். வக்ஃபை விற்பதற்கு நம் மத்ஹபுகள் கடுமையான நிபந்தனைகள் விதித்திருப்பதால், அத்தகைய விளக்கு என்று தெரிந்தால் ஆலிம்களைக் கேளாமல் கை வைக்கலாகாது. பதினான்காம் நூற்றாண்டில் மம்லூக் சுல்தான்கள் கெய்ரோப் பள்ளிகளுக்கென எனாமல் தீட்டிச் செய்வித்த கண்ணாடி விளக்குகள் பல, பின்னாளில் ஐரோப்பியச் சேகரிப்பாளர் கைக்குப் போய், இலண்டன், பாரிஸ் அருங்காட்சியகங்களில் இன்று ஒளியின்றி நிற்கின்றன. அவற்றிற் பலவற்றின் மேல் எழுதப்பட்டிருப்பது, மாடத்தையும் விளக்கையும் கண்ணாடியையும் உவமையாக்கிய ஒளி வசனமே.

ஆகவே, அம்பத்தூரிலோ ஆவடியிலோ பூவிருந்தவல்லியிலோ புதுவீட்டிற்கு விளக்குத் தேடும் அன்பர்கள், பழையதைத் தாராளமாய் விரும்பட்டும். கூடத்தின் உயரத்தை அளப்பதோடு தம் வசதியின் உயரத்தையும் அளந்துகொள்ளட்டும். கண்ணாடியைச் சுண்டிப் பார்ப்பதோடு, அது யார் வீட்டிலிருந்து, யார் சம்மதத்தோடு, என்ன விலைக்கு இறங்கியது என்பதையும் கேட்டு அறியட்டும். விற்றவர் முகம் வாடாமல் வந்த விளக்கின் ஒளியில் நம் பிள்ளைகள் ஓதி வளர, வல்ல நாயன் அருள்புரிவானாக.